தெருவை எடுத்துக்கொண்டோம், செல்போனைக் கொடுத்தோம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

செல்போனும் கையுமாகத் திரியும் பிள்ளைகளைப் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். அதற்கு வந்த வாசகர் கடிதங்களையும் விடாமல் படித்தேன். அந்தக் காலத்தில் நாங்கள் புழுதியில் புரண்டோம், இந்தக் காலத்துப் பிள்ளைகள் மூலையில் உட்கார்ந்து விரலால் தேய்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று ஏறக்குறைய எல்லோருமே எழுதியிருந்தார்கள். எனக்கு 55 வயது, நானும் புழுதியில் புரண்டவள்தான். மூன்றாம் வகுப்புப் படிக்கும் பேரனை இப்போது வளர்த்துக்கொண்டிருக்கிறேன், மகள் வேலைக்குப் போகிறாள், மருமகன் மஸ்கட்டில். இரண்டு பக்கத்தையும் பக்கத்தில் இருந்து பார்க்கிறவள் என்ற முறையில் எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். பிள்ளைகள் தெருவை வேண்டாம் என்று சொல்லிவிட்டுச் செல்போனுக்குப் போகவில்லை. தெருவை அவர்களிடமிருந்து முதலில் நாம் எடுத்துக்கொண்டோம், வெறுங்கையோடு நின்ற பிள்ளையிடம் செல்போனைக் கொடுத்தோம்.

நான் வளர்ந்தது வி.கே.புரம், அதாவது விக்கிரமசிங்கபுரம். மில் ஊர். எங்கள் தெருவில் பாதி வீடுகளில் கடிகாரம் கிடையாது, மில் சங்குதான் கடிகாரம். சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டுப் பையை எறிந்துவிட்டு வெளியே ஓடினால் யாராவது இருப்பார்கள், அவ்வளவுதான். யாரையும் முன்கூட்டிக் கேட்க வேண்டியதில்லை. எட்டுப் பேர் இருந்தால் கள்ளன் போலீஸ், நாலு பேர் இருந்தால் பாண்டி, மழை பிடித்துக்கொண்டால் ஏதாவது ஒரு வீட்டுத் திண்ணையில் தட்டாங்கல். திடீரென்று ஒரு நாள் ஊர்ப் பையன்கள் அத்தனை பேர் கையிலும் பம்பரம் இருக்கும், ஒரு மாதம் கழித்து அத்தனை பேர் பையிலும் கோலி, யார் இதை முடிவு செய்தார்கள் என்று இன்று வரை எனக்குத் தெரியாது. விளக்கு வைக்கும் நேரம் ஆனதும் ஒவ்வொரு வாசலிலிருந்தும் குரல் வரும். "ஏட்டி, பொழுதடைஞ்சாச்சு, இன்னும் என்ன தெருவில?" என்று அம்மா இரண்டாவது முறை கூப்பிட்டால் சத்தத்தில் மாற்றம் இருக்கும், மூன்றாவது முறை கூப்பிட விட மாட்டோம்.

இதில் ஒரு விஷயத்தை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். விளையாட வரும் கூட்டத்தில் அக்காவின் இடுப்பில் உட்கார்ந்து வந்த குட்டித் தம்பியோ தங்கையோ கட்டாயம் இருக்கும். அதற்கு விளையாடவும் தெரியாது, விடவும் முடியாது, விட்டால் வீடு வரை அழும். அதை ஒப்புக்குச் சப்பாணி என்று சேர்த்துக்கொள்வோம். அது ஓடலாம், பிடிக்கலாம், ஆனால் அதை யாரும் அவுட் ஆக்கக் கூடாது. இந்தச் சட்டத்தை எங்களுக்கு எந்த வாத்தியாரும் சொல்லித் தரவில்லை. அப்புறம் சண்டை. அழுகுணி ஆட்டம் ஆடுகிறாய் என்று ஒருத்தி சொல்ல, இல்லை என்று இன்னொருத்தி சொல்ல, இரண்டு பேரும் காய் விட்டுக்கொள்வார்கள். ஆனால் மறுநாள் ஆட்டத்துக்கு ஆள் குறையும், ஆள் குறைந்தால் ஆட்டமே இல்லை, அதனால் பழம் விட்டே தீர வேண்டும். பெரியவர் யாரும் நடுவில் வராமல் எட்டு வயதுப் பிள்ளைகள் ஒரு சண்டையைத் தாங்களே ஆரம்பித்துத் தாங்களே முடித்தார்கள் என்பதை இப்போது நினைத்தால் எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது. என் பேரன் செல்போனில் விளையாடும் விளையாட்டில் எதிராளி பிடிக்கவில்லை என்றால் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும், அந்த ஆள் மறைந்துவிடுகிறான், இன்னொருவன் வந்துவிடுகிறான். பழம் விட வேண்டிய அவசியமே அவனுக்கு வருவதில்லை. செல்போனைப் பற்றி எனக்கு இருக்கும் பெரிய கவலை இதுதான், கண் கெடுவது, தூக்கம் கெடுவதெல்லாம் இதற்கு அப்புறம்தான்.

போன மாதம் அவன் ஒரு கேள்வி கேட்டான். "ஆச்சி, விளையாட யார் வருவாங்கன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? யார்கிட்டயும் போன் இல்லையே?" தெருவுக்குப் போனா இருப்பாங்கடா என்றேன். அவனுக்குப் புரியவில்லை. எங்கள் அடுக்குமாடியிலிருந்து கீழே இறங்கினால் இருப்பவை பைக்குகளும் கார்களும்தான். கார் நிறுத்தும் இடத்தில் பந்து விளையாடக் கூடாது என்று எழுதிப் போட்டிருக்கிறார்கள். கேட்டைத் தாண்டினால் தண்ணீர் லாரி. "தெருவில் இருப்பாங்க" என்று நான் சொன்னதற்கு அவன் வாழ்க்கையில் அர்த்தமே இல்லை.

அதே நேரத்தில், பழைய காலம் தங்கமான காலம் என்று எழுதுகிறவர்களோடு என்னால் முழுதாகச் சேர முடியவில்லை. எங்கள் தெருப் பையன் ஒருவன் மழைக் காலத்தில் தாமிரபரணியில் குளிக்கப் போனவன் திரும்பி வரவில்லை, அவனுக்கு அப்போது பதினொரு வயது. ஆற்றுக்குத் தனியாகப் போகும் சுதந்திரத்தைப் பற்றி யாராவது பெருமையாகப் பேசினால் எனக்கு அவன் அம்மாவின் முகம்தான் ஞாபகத்துக்கு வரும். பெண் பிள்ளைகள் கதை வேறு. 1983-ல் நான் பெரியவளானேன், அன்றோடு எனக்குத் தெரு முடிந்தது. நேற்று வரை பாண்டி ஆடிய இடத்தை மறுநாளிலிருந்து ஜன்னல் வழியாகப் பார்த்தேன். நூலகத்துக்குக்கூடத் தம்பிதான் போய்ப் புத்தகம் எடுத்து வருவான், அவனுக்குப் பிடித்ததைத்தான் எடுத்து வருவான். அந்தக் காலத்துப் பிள்ளைகள் எல்லோரும் வெளியே விளையாடினார்கள் என்று எழுதும் ஆண்கள் தங்கள் அக்கா தங்கைகளிடம் ஒரு முறை கேட்டுவிட்டு எழுதலாம். இன்னொன்று, பெரியவர்கள் யாராவது தப்பாக நடந்துகொண்டால் அதைச் சொல்ல எங்களுக்கு வார்த்தையும் இல்லை, கேட்க ஆளும் இல்லை. இன்று 1098 என்று குழந்தைகளுக்கான உதவி எண் ஒன்று இருக்கிறது, 2012-ல் போக்சோ சட்டம் வந்திருக்கிறது, என் பேரனுக்கு அவன் டீச்சர் நல்ல தொடுதல் கெட்ட தொடுதல் சொல்லிக் கொடுத்திருக்கிறார். இதெல்லாம் அப்போது இருந்திருக்கக் கூடாதா என்று பல தடவை நினைத்திருக்கிறேன்.

போன் இல்லாத காலத்தின் வலியும் எனக்குத் தெரியும். அக்காவை 1984-ல் பம்பாயில் கட்டிக்கொடுத்தார்கள். இன்லாண்டு லெட்டர் போய், பதில் வந்து சேர்வதற்குள் இரண்டு வாரம் ஓடிவிடும், அதற்குள் நாங்கள் எழுதிய காய்ச்சல் குணமாகியிருக்கும், புதுக் காய்ச்சல் வந்திருக்கும். அவளுக்குக் குழந்தை பிறந்ததைத் தந்தி சொன்னது. தந்தி என்றாலே சாவுச் செய்தி என்று பயந்து அம்மா அதைப் பிரிக்கவே விடவில்லை, தபால்காரர்தான் சிரித்துக்கொண்டே படித்துச் சொன்னார். அந்தக் குழந்தையை நாங்கள் நேரில் பார்த்தபோது அதற்கு இரண்டு வயது. இன்று மஸ்கட்டிலிருந்து என் மருமகன் தினமும் ராத்திரி எட்டரைக்கு வீடியோவில் வருகிறார். பேரனுக்கு முதல் பல் விழுந்தபோது அதை உள்ளங்கையில் வைத்து அப்பாவிடம் காட்டிய பிறகுதான் தூக்கிப் போட விட்டான். அந்தப் போனை நான் எப்படிக் குறை சொல்வேன்?

ஆகவே நான் கேட்பது போனை எடுத்துக் கிணற்றில் போடச் சொல்லி அல்ல. உங்கள் கட்டுரையில் உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னதை எடுத்துப் போட்டிருந்தீர்கள். ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு, இரண்டு வயதுக்கு மேல் என்றால் நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை கூடாது என்பது சரிதான். ஆனால் அதே அறிக்கை மூன்று, நான்கு வயதுப் பிள்ளைக்கு நாளுக்கு 180 நிமிடம் உடம்பை அசைக்கும் விளையாட்டு வேண்டும், அதில் ஒரு மணி நேரமாவது மூச்சு வாங்க ஓட வேண்டும் என்றும் சொல்கிறது. 180 நிமிடம் என்றால் மூன்று மணி நேரம். திரைக்கு விதித்த ஒரு மணி நேரத்தை எல்லோரும் எழுதுகிறார்கள், ஓட்டத்துக்குச் சொன்ன மூன்று மணி நேரத்தை யாரும் எழுதுவதில்லை. முதலாவதற்குப் பிள்ளையைத் திட்டினால் போதும், இரண்டாவதற்கு நாம் இடம் கொடுக்க வேண்டும். ஆஸ்திரேலியாவில் 2025 டிசம்பர் 10 முதல் 16 வயதுக்குக் கீழே இருப்பவர்கள் சமூக வலைத்தளங்களில் கணக்கு வைத்திருக்கக் கூடாது என்று சட்டம் அமலுக்கு வந்திருக்கிறது, இங்கேயும் அப்படி வேண்டும் என்று இரண்டு வாசகர்கள் எழுதியிருந்தார்கள். வரட்டும், நான் எதிர்க்கவில்லை. ஆனால் அந்தப் பிள்ளை சாயங்காலம் ஐந்து மணிக்கு எங்கே போகும் என்பதையும் சேர்த்து எழுதியிருக்க வேண்டும்.

இடம் இல்லை என்பார்கள். இடம் இருக்கிறது, காகிதத்தில் இருக்கிறது. தமிழ்நாட்டில் 10,000 சதுர மீட்டருக்கு மேல் உள்ள நிலத்தை மனை பிரித்தால், சாலைக்கு விட்டது போக மீதியில் 10 சதவீதத்தைப் பூங்கா, விளையாட்டுத் திடல் போன்ற பொதுப் பயன்பாட்டுக்கு ஒதுக்கி உள்ளாட்சிக்குத் தானப்பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். ஓ.எஸ்.ஆர். நிலம், அதாவது திறந்தவெளி ஒதுக்கீட்டு நிலம் என்பார்கள், எங்கள் பகுதியில் பார்க் சைட் என்போம். எங்கள் லேஅவுட்டிலும் அப்படி ஒன்று உண்டு, வரைபடத்தில் பூங்கா என்று தெளிவாகப் போட்டிருக்கிறது. நேரில் போய்ப் பார்த்தால் பாதி இடத்தில் குப்பை வண்டிகள் நிற்கின்றன, மீதியில் சீமைக்கருவேலம். திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் இரண்டு முறை மனு கொடுத்தேன், இரண்டு முறையும் பரிசீலனையில் இருப்பதாகப் பதில் வந்தது. ஊர் பெயரை நான் இங்கே எழுதவில்லை, ஏனென்றால் இது எங்கள் ஊர் விஷயம் மட்டும் இல்லை. இதைப் படிப்பவர்கள் தங்கள் வீட்டுப் பத்திரத்தோடு இருக்கும் லேஅவுட் வரைபடத்தை ஒரு தடவை எடுத்துப் பிரித்துப் பார்க்கட்டும்.

பள்ளிக்கூடங்களும் இதில் சேர்த்திதான். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையிலேயே ஒவ்வொரு பள்ளிக்கும் விளையாட்டு மைதானம் வேண்டும், நூலகம் வேண்டும் என்று இருக்கிறது. மைதானம் இருக்கும் பள்ளியிலும் பி.டி. பீரியடைக் கணக்கு டீச்சர் வாங்கிக்கொள்கிறார், பெற்றோரும் அதற்குச் சந்தோஷப்படுகிறார்கள். வீட்டுப்பாடம் வாட்ஸ்அப் குழுவில் வருகிறது. 2020 மார்ச்சில் பள்ளிகளை மூடியபோது வேறு வழியில்லாமல் ஆரம்பித்த பழக்கம், பள்ளிகள் திறந்து இத்தனை வருடம் ஆகியும் போகவில்லை. ராத்திரி ஒன்பது மணிக்கு வீட்டுப்பாடம் வருகிறது, அதைப் பார்க்கப் பிள்ளை கையில் போனைக் கொடுக்கிறோம், அரை மணி நேரம் கழித்துப் போய்ப் பார்த்தால் வேறு என்னவோ ஓடிக்கொண்டிருக்கிறது, உடனே பிள்ளைக்கு ஒரு அடி. அந்த அடி யாருக்கு விழுந்திருக்க வேண்டும்? நோட்டில் கையால் எழுதிக்கொண்டு வரும் ஒரு குறிப்பு போதாதா, ஒரு மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு?

ஆசிரியர் அவர்களே, உங்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் இருக்கிறது. அடுத்த முறை இந்த விஷயத்தை எடுக்கும்போது மனநல மருத்துவரிடம் பேட்டி எடுப்பதோடு நிறுத்த வேண்டாம். உங்கள் நிருபர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அந்தந்த ஊரில் பூங்காவுக்கும் விளையாட்டுக்கும் ஒதுக்கிய நிலங்கள் எத்தனை, அவற்றில் இன்று என்ன இருக்கிறது என்று போட்டோவோடு போடுங்கள். கிளை நூலகம் எத்தனை மணிக்குத் திறக்கிறது, எத்தனை மணிக்கு மூடுகிறது, பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளை உள்ளே போக முடியுமா என்றும் பார்த்து எழுதுங்கள். வீட்டு வரியோடு சேர்த்து நூலக வரி கட்டுகிறவர்கள் நாங்கள், 1948-லேயே சுதந்திர இந்தியாவில் முதலாவதாகப் பொது நூலகச் சட்டம் கொண்டுவந்த மாநிலம் இது, கேட்கும் உரிமை எங்களுக்கு உண்டு.

போன ஞாயிற்றுக்கிழமை காலை குப்பை வண்டிகள் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் பேரனைக் கூட்டிக்கொண்டு அந்த பார்க் சைட்டுக்குப் போனேன், கையில் ஒரு ரப்பர் பந்து. கால் மணி நேரத்தில் எதிர் வீட்டுப் பையன்கள் இரண்டு பேர் வந்தார்கள், அப்புறம் ஒரு சிறுமி, அவள் தம்பியை இழுத்துக்கொண்டு வந்தாள், அவனுக்கு நாலு வயதுகூட இருக்காது. இவன் வேண்டாம், இவனுக்கு ஓடத் தெரியாது என்றான் என் பேரன். ஒப்புக்குச் சப்பாணியா வச்சுக்கோங்கடா என்று சொல்லி, என்ன சட்டம் என்பதையும் சொல்லிக் கொடுத்தேன். அந்தப் பொடியன்தான் அன்றைக்கு அதிகமாக ஓடினான். பத்தரை மணிக்கு வண்டிகள் திரும்பி வந்தன, ஹாரன் அடித்தார்கள், பந்தை எடுத்துக்கொண்டு எல்லோரும் ஓரமாக ஒதுங்கினோம். வரும் ஞாயிறு ஆறரைக்கே வந்துவிடுவதாக அந்தச் சிறுமி சொல்லியிருக்கிறாள்.

இப்படிக்கு,
வி.கே.புரத்தில் வளர்ந்த ஒரு வாசகி