எந்தச் சுண்டெலி என்றும் எழுதுங்கள்

ஆசிரியருக்கு,

வணக்கம். ‘தோல் கொப்புள நோய்க்கு மருந்து: எலிகளில் வெற்றி’ என்ற பாணியில் செய்திகள் அடிக்கடி வருகின்றன. மரபணு மாற்றிய எலி என்பதோடு பெரும்பாலும் நிறுத்திவிடுகிறார்கள். எந்த மரபணுவை, எவ்வளவு மாற்றினார்கள் என்று தெரியாமல் அந்த வெற்றியை எடைபோட முடியாது.

லேசான உரசலிலேயே தோல் கொப்பளிக்கும் பரம்பரை நோயான எபிடெர்மோலிசிஸ் புல்லோசாவின் ஒரு வகையை எடுத்துக்கொள்வோம். மேல்தோலை அடித்தோலோடு பிணைக்கும் கொலாஜன் 7 என்ற புரதம் அதில் பழுதாகிறது. அந்தப் புரதத்துக்கான மரபணுவை முற்றிலும் முடக்கிய சுண்டெலிகளை 1999-இல் உருவாக்கினார்கள். குட்டிகள் பிறக்கும்போதே உடலில் கொப்புளங்கள். இரண்டு வாரங்களுக்குள் இறந்துவிட்டன. மாதக்கணக்கில் தரவேண்டிய சிகிச்சையை அவற்றில் எப்படிச் சோதிப்பது? 2008-இல் இயல்பான அளவில் சுமார் 10 சதவீதப் புரதம் மட்டும் சுரக்கும் சுண்டெலி வந்தது. இது பிழைக்கும், ஆனால் வாயும் புண்ணாவதால் கூழான உணவு தரவேண்டும். நோயாளிகளைப் போலவே நாளடைவில் இதன் பாத விரல்களும் ஒட்டிக்கொள்ளும். முடி அடர்ந்த முதுகு பெரும்பாலும் தப்பிவிடும் என்பதால் பாதத்தையும் வாயையும்தான் பார்க்கவேண்டும். இதில் ஒரு சிக்கல்: இந்த எலியின் உடலுக்குக் கொலாஜன் 7 ஏற்கெனவே பழக்கம். புரதமே இல்லாத நோயாளிக்கு அதை வெளியிலிருந்து கொடுத்தால், உடல் அந்நியப் பொருளாக எண்ணி எதிர்க்கக்கூடும். அந்த ஆபத்தை இந்த எலி காட்டாது.

குட்டிகளை எண்ணுவதிலும் தவறு நேரும். பழுதான மரபணுவில் ஒரு பிரதி மட்டும் உள்ள இணையைச் சேர்த்தால் நான்கில் ஒரு குட்டிக்கு நோய் வரவேண்டும். மூன்று வாரம் கழித்து, பால்குடி மறக்கும்போது எண்ணினால் கணக்கு உதைக்கும். இறந்த குட்டிகளைத் தாய் தின்றிருக்கும். பிறந்த அன்றே எண்ணி, செத்த குட்டியின் வால்நுனியையும் எடுத்து பிசிஆர் என்ற மரபணுச் சோதனை செய்யவேண்டும்.

பெம்பிகாய்டு என்ற கொப்புள நோய் வேறு கதை. அது உடலின் எதிர்ப்புப் புரதங்களே தோலிலுள்ள கொலாஜன் 17 என்ற இன்னொரு புரதத்தைத் தாக்கும் நோய். நோயாளியின் எதிர்ப்புப் புரதத்தைச் சாதாரண சுண்டெலிக்கு ஏற்றினால் கொப்புளம் வராது. அது தாக்கும் பகுதி எலியில் வேறு அமைப்பில் இருக்கிறது. எலியின் கொலாஜன் 17-ஐ நீக்கி, மனித மரபணுவை வைத்த சுண்டெலியை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2007-இல் வெளியிட்டார்கள். அதன் குட்டிகளுக்கு அதே எதிர்ப்புப் புரதத்தை ஏற்றியபோது, லேசாகத் தேய்த்ததுமே தோல் கழன்றது. ஆகவே பெம்பிகாய்டு மருந்துச் செய்தி என்றால், எலியில் இருந்தது மனித மரபணுவா என்பதே முதல் கேள்வி.

‘புண் இத்தனை நாளில் ஆறியது’ என்ற எண்ணிலும் கவனம் தேவை. சுண்டெலியின் தோலுக்கடியில் மெல்லிய தசைப்படலம் உண்டு. அது சுருங்கியே புண்ணை மூடிவிடும். மனிதப் புண்ணோ பெருமளவு புதுத்தோல் வளர்ந்துதான் ஆறுகிறது. புண்ணைச் சுற்றிச் சிலிகோன் வளையம் தைத்து அந்தச் சுருக்கத்தைத் தடுத்தார்களா என்று செய்தியாளர் ஒரு வரி கேட்டு எழுதலாம்.

இப்படிக்கு,
தோல் உயிரியல் ஆய்வாளர்கள் சிலர்