காலிங் பெல் அடித்துவிட்டு ஓடிய பிள்ளைகள் பற்றி

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். நம் ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் நான்கு பேர், பள்ளி விட்டுப் போகும் வழியில் ஒரு வீட்டின் காலிங் பெல்லை அடித்துவிட்டு ஓடி ஒளிவதைச் சில நாள்களாக விளையாட்டாகச் செய்திருக்கிறார்கள். வீடியோவும் எடுத்திருக்கிறார்கள். அந்த வீட்டில் தனியாக இருப்பவர் எண்பதை நெருங்கும் ஒரு பாட்டி. விஷயம் உங்கள் காதுக்கு அரைகுறையாக வந்திருக்கும். அதனால் அவருடைய அனுமதியோடு நானே எழுதுகிறேன்.

அந்த வீடியோவை நால்வரோடும் உட்கார்ந்து, சத்தத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தேன். அவர்களுடைய சிரிப்பு கேட்காதபோது கண்ணில் படுவதே வேறு. கதவு பாதி திறக்கிறது. ஒரு கை நிலையைப் பிடிக்கிறது. மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு இரண்டு பக்கமும் பார்க்கிறார், உடனே உள்ளே போகாமல் கொஞ்ச நேரம் நிற்கிறார். மூன்றாவது வீடியோ ஓடும்போதே ஒருவன் "போதும்" என்று சொல்லிவிட்டான்.

வயதானவர்கள் சட்டென்று எழுந்தால் ரத்த அழுத்தம் குறைந்து தலை சுற்றலாம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி ஆண்டுக்கு சுமார் 6,84,000 பேர் கீழே விழுந்து இறக்கிறார்கள், அதில் 60 வயதைத் தாண்டியவர்களே அதிகம். இதைப் பிள்ளைகளிடம் சொன்னேன். அவர்கள் யோசித்தே பார்க்காத விஷயம் இது.

பெற்றோர் சிலர் தாங்களே போய் மன்னிப்புக் கேட்பதாகச் சொன்னார்கள். வேண்டாம் என்றேன். செய்தவர்கள்தான் போக வேண்டும். வகுப்பாசிரியர் உடன் போனார். மனப்பாடம் செய்துகொண்டு போன மன்னிப்பைப் பாட்டி முடிக்கவே விடவில்லையாம். "யாரோ என்னைப் பார்க்க வந்திருக்காங்கன்னுதானே ஒவ்வொரு தடவையும் எழுந்து வந்தேன். இப்பதான் வந்திருக்கீங்க, உட்காருங்கப்பா" என்றிருக்கிறார். தொலைபேசி இணைப்பகத்தில் வேலை பார்த்தவர் அவர். பிளக்கைச் செருகி வெளியூர்களுக்கு ட்ரங்க் கால் போட்டுக் கொடுத்த கதையைக் கேட்க, அடுத்த வாரம் நால்வரும் தாங்களாகவே மறுபடி போகக் கேட்டார்கள். வகுப்பில் பத்து நிமிடம் சேர்ந்தாற்போல் உட்காராத பையன் அங்கே ஒரு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறான்.

"இதுதான் தண்டனையா?" என்று சிலர் கேட்கிறீர்கள். இல்லை. தண்டனை தனியாகக் கொடுத்தாயிற்று, வீடியோக்களும் அழிக்கப்பட்டன. பார்க்கப் போவதைத் தண்டனையாக்கினால் அந்தப் பாட்டியே தண்டனையாகிவிடுவார். அதை நான் செய்ய மாட்டேன். போக விருப்பமில்லாத பிள்ளையை அனுப்பவும் வேண்டாம்.

இதில் பாட்டிக்கு மட்டும்தான் நன்மை என்றும் நான் நினைக்கவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் 2025ஆம் ஆண்டு அறிக்கை, உலகில் ஆறு பேரில் ஒருவர் தனிமையால் பாதிக்கப்படுகிறார் என்கிறது. பதின்வயதினரிடம் அது அதிகம் என்றும் சொல்கிறது. செல்போனும் கையுமாக இருக்கும் நம் பிள்ளைகளைத்தான் சொல்கிறது.

தெரியாத வீட்டுக்கு எப்படி அனுப்புவது என்ற கவலை நியாயமானது. அதனால் இருவருக்குக் குறையாமல் போக வேண்டும். முன்பே போன் செய்து பாட்டியிடம் கேட்க வேண்டும், இருட்டும் முன் வீடு திரும்ப வேண்டும். வீடியோ, புகைப்படம் கூடாது. முதல் முறை நீங்களும் கூடப் போய் அவரிடம் பேசிவிட்டு வாருங்கள். அப்புறம், அந்த நால்வரின் பெயரைப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் தேட வேண்டாம் என்று வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்.

இன்னும் சில மாணவர்களும் போகக் கேட்கிறார்கள். சம்மதம் இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் எழுதிக் கொடுத்தனுப்புங்கள். தயக்கம் இருந்தால் மாலை நான்கு மணிக்கு மேல் என் அறைக்கு வாருங்கள், பேசலாம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்