அந்தக் கோட்டையை ஆர் உடைச்சது?

அன்புள்ள மகளுக்கு,

நேற்று இரவு நீ போனை வைத்த பிறகு எனக்கு நித்திரை வரவில்லை. ஆவணி லீவுக்குப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வருகிறோம் என்று நீ சொன்ன சந்தோசம் ஒரு பக்கம். "பிள்ளையளுக்கு அந்த வெள்ளைக் கோட்டையைக் காட்ட வேணும் அப்பா, நொய்ஷ்வான்ஷ்டைனுக்கு ரிக்கெற் எடுத்து வையுங்கோ" என்றாயே, அது மற்றப் பக்கம். கட்டாயம் எடுத்து வைக்கிறேன், பிள்ளைகள் ஆசைப்பட்டால் போவோம். ஆனால் அது 1869இல் கட்டத் தொடங்கிய மாளிகை. ஜேர்மனியின் தெற்கில் பவேரியாவை ஆண்ட இரண்டாம் லுட்விக் என்ற அரசன் பழைய காலத்தின் மேல் இருந்த ஆசையில் கட்டினான். 1886இல் அவன் சாகிறபோதும் வேலை முடியவில்லை. எந்தப் படையும் அதை முற்றுகையிட்டதில்லை. ஜேர்மனியின் இந்த மேற்குப் பக்கத்தில், நீ பிறந்து வளர்ந்த பிர்மாசென்ஸிலிருந்து காரில் அரை மணித்தியாலம் போனால் எண்ணூறு, தொளாயிரம் வருடத்துக் கோட்டைகள் காட்டுக்குள் நிற்கின்றன. அவற்றை உனக்கு நான் காட்டவில்லை. அதைத்தான் இந்தக் கடிதத்தில் எழுதப்போகிறேன்.

நீ நாலாம் வகுப்புப் படித்தபோது பள்ளிக்கூடத்தால் டான் ஊருக்குக் கூட்டிப்போனது ஞாபகம் இருக்கா? துணைக்குப் பெற்றோரும் வரலாம் என்றார்கள். எனக்கு அந்தக் கிழமை இரவு வேலை. காலையில் வந்து நித்திரை கொள்ளாமல் அப்படியே பஸ்ஸில் ஏறினேன். காட்டுக்குள்ளால் ஏறிப் போய், மரங்கள் விலகின இடத்தில் செம்பாறைக்கு மேல் பாதிச் சுவர்கள் நிற்கக் கண்டோம். நீ என் கையைப் பிடித்து, "அப்பா, இதை ஆர் உடைச்சது?" என்று கேட்டாய். நான் "சண்டை" என்றேன். "ஆருக்கும் ஆருக்கும்?" என்றாய். "சாப்பாட்டுப் பெட்டியைத் திற, நேரமாச்சு" என்று சொல்லிவிட்டு அங்கால் திரும்பிவிட்டேன். அதற்குப் பிறகு நீ கோட்டையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

காரணத்தை உன் அம்மாவுக்கு மட்டும் சொல்லியிருக்கிறேன். 1990இல் யாழ்ப்பாணத்தில் கோட்டையைச் சுற்றிச் சண்டை நடந்தபோது நான் பட்டினத்தில் இருந்தேன். கோட்டையும் உடைந்தது, சுற்றியிருந்த ஊரும் உடைந்தது. எங்கள் வீட்டில் மிஞ்சினது குசினிப் பக்கச் சுவர் ஒன்றுதான். அந்த வருடக் கடைசியில் இங்கே வந்தேன். உடைந்த சுவரைச் சனங்கள் ஞாயிற்றுக்கிழமையில் பிள்ளைகளோடு போய்ப் பார்த்து, பக்கத்தில் இருந்து சாப்பிட்டுவிட்டு வருகிறார்கள் என்பதை என்னால் விளங்கிக்கொள்ளவே முடியவில்லை. அதனால் உன்னைக் கூட்டிப்போகவில்லை. அது உனக்கு நட்டம்.

பென்சன் எடுத்த பிறகு அம்மாதான் என்னை இழுத்துக்கொண்டு போனா. இப்போது புதன்கிழமைகளில் சோற்றுப் பொதியும் தேத்தண்ணிப் போத்தலுமாக வெளிக்கிட்டுவிடுவோம். நீ கேட்ட கேள்விக்கு இன்று ஒழுங்காகப் பதில் சொல்கிறேன். உன் பிள்ளைகளும் அதே கேள்வியைக் கேட்பார்கள்.

நீ அன்று பார்த்தது ஒரு கோட்டை இல்லை, மூன்று: அல்ட்டான், கிராஃபன்டான், டான்ஷ்டைன். வரிசையாக நிற்கும் ஐந்து பாறைகளின் மேல், ஏறத்தாழ 200 மீற்றர் நீளத்துக்கு ஒன்றோடொன்று ஒட்டியபடி இருக்கின்றன. இதில் டான்ஷ்டைனின் கதையும், பூசன்பேர்க் ஊருக்கு மேலே இருக்கிற டிராஹன்ஃபெல்ஸின் கதையும் ஒரே மனிதனில் போய் முடிகின்றன. ஃபிரான்ஸ் ஃபொன் சிக்கிங்கன் என்ற பெரிய வீரன். 1522இல் ட்ரியர் நகரத்தின் பேராயருக்கு எதிராகப் படை எடுத்துப் போய்த் தோற்றான். அடுத்த வருடம் ட்ரியர், ஹெஸ்ஸன், ஃபால்ஸ் மூன்று நாட்டு ஆட்சியாளரும் சேர்ந்து, லான்ட்ஷ்டூலில் இருந்த அவனுடைய நான்ஷ்டைன் கோட்டையைப் பீரங்கியால் அடித்தார்கள். அதில் காயப்பட்டு 1523 மே 7ஆம் திகதி அங்கேயே செத்தான். மூன்று நாள் கழித்து டிராஹன்ஃபெல்ஸைக் கொளுத்தினார்கள்.

டிராஹன்ஃபெல்ஸ் அவன் ஒருவனுடைய சொத்தில்லை. பல குடும்பங்கள் பங்கு வைத்திருந்த கோட்டை அது; ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு துண்டு. எங்கள் ஊரில் ஒரு வளவுக்கும் ஒரு கிணற்றுக்கும் எத்தனை பங்காளிகள் என்று அம்மா சொல்லிச் சிரிப்பாவே, அதேபோல. பங்காளிகளில் ஒருவன் சண்டைக்குப் போனான், எல்லாருடைய கூரையும் எரிந்தது. திரும்பக் கட்டவும் விடவில்லை. இன்றைக்கு அங்கே சுவரென்று சொல்லப் பெரிதாக ஒன்றும் இல்லை. பாறையைக் குடைந்த அறைகள், பாறையில் வெட்டிய படிகள், மரவளை செருகிய சதுரப் பொந்துகள், இவைதான் மிச்சம். அந்தப் பொந்துகளைக் கீழிருந்து எண்ணிக்கொண்டு போனால் வீடு எத்தனை மாடி என்று கண்டுபிடிக்கலாம். பெரியவளை எண்ண விடு, அவளுக்குக் கணக்கு நல்லாய் வரும்.

சண்டை அதோடு நிற்கவில்லை. 1525இல் குடியானவர்கள் கிளம்பினார்கள். பிரபுவுக்கும் மடத்துக்கும் வரி கட்டி, கூலியில்லா வேலை செய்து அலுத்த சனம். கோட்டைகளிலும் மடங்களிலும் நெருப்பு வைத்தார்கள். எஷ்பாஹ் ஊருக்கு மேலுள்ள மாடன்பூர்க் கோட்டைக்கும் அவர்கள் கை வைத்தார்கள். திருத்திக் கட்டியதை 1680இல் பிரான்ஸ் அரசன் பதினாலாம் லூயியின் படைத்தளபதி மொன்க்ளார் அழித்தான். 1689இல் அதே அரசனின் படை ஷ்பையர், வோர்ம்ஸ் நகரங்களையும் எரித்தது. அன்று ஓடின சனம் கையில் என்னத்தை எடுத்துக்கொண்டு ஓடினதோ என்று மாடன்பூர்க் மதிலில் நின்று ரைன் சமவெளியைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு யோசனை வரும். கீழே பார்த்தால் கண்ணுக்கெட்டின தூரத்துக்குத் திராட்சைத் தோட்டம். வடிவான இடம், பின்னேரத்தில் போக வேணும்.

மிச்சத்தை மின்னலும் ஊர்ச்சனமும் செய்தார்கள். கேட்பாரற்றுக் கிடந்த கல்லை வீடு கட்டவும் மதில் கட்டவும் ஏற்றிப் போனார்கள். அதில் எனக்குக் கோபமில்லை. உடைந்த கல் ஒருவனுக்கு வீடாகிறதென்றால் நல்லதுதான்.

இனி, நான் உனக்குக் கட்டாயம் காட்ட விரும்புகிற இடம்: அன்வைலருக்கு மேலே டிரிஃபெல்ஸ். இங்கிலாந்து அரசன் சிங்க நெஞ்சன் ரிச்சர்ட் சிலுவைப் போரிலிருந்து திரும்பும் வழியில், 1192 மார்கழியில் வியன்னாவுக்குப் பக்கத்தில் பிடிபட்டான். அவனை ஜேர்மன் பேரரசன் ஆறாம் ஹைன்ரிஹிடம் விற்காத குறையாகக் கையளித்தார்கள். 1193 வசந்தத்தில் மூன்று கிழமை போல டிரிஃபெல்ஸில் வைத்திருந்தார்கள். அவனை மீட்க இங்கிலாந்து முதலில் கட்டினது ஒரு இலட்சம் மார்க் வெள்ளி, ஏறத்தாழ 23 தொன். அதற்காகக் குடிகளின் வருமானத்தில் நாலில் ஒரு பங்கை வரியாக எடுத்தார்கள், கோயில் பாத்திரங்களையும் எடுத்தார்கள். அந்தப் பணத்தில் ஹைன்ரிஹ் 1194இல் சிசிலியைப் பிடிக்கப் போனான். காட்டுக்குள் ஒரு மலை உச்சியில் ஒரு மனிதனைப் பூட்டி வைத்ததற்கு, இங்கிலாந்தில் உழுதவனும் சிசிலியில் இருந்தவனும் விலை கொடுத்திருக்கிறார்கள்.

டிரிஃபெல்ஸ் தூரத்திலிருந்து பார்க்க முழுக் கோட்டையாக நிற்கும். உள்ளே பெரிய மண்டபம், உயர்ந்த படிக்கட்டு. முதல் தடவை போனபோது அம்மா வாயைப் பிளந்து பார்த்தா. எனக்கு மட்டும் ஏதோ சரியில்லை என்று பட்டது. முப்பது வருடம் சப்பாத்துத் தொழிற்சாலையில் தையலைப் பார்த்துப் பழகின கண் இது. எந்தத் தோல் எந்தத் தோலோடு சேர்கிறது என்றுதான் முதலில் தேடும். வெளியே வந்து சுவரைத் தடவிப் பார்த்தேன். பழைய கோபுரத்தின் கற்கள் நடுவில் புடைத்து, ஓரம் மட்டும் செதுக்கி, வருடக்கணக்கான மழையில் விளிம்பு மழுங்கியிருக்கும். மண்டபத்தின் சுவர் அப்படியில்லை. விசாரித்ததில் விளங்கியது. 1602இல் மின்னல் விழுந்து எரிந்த கோட்டை அது. 1938இல் ஹிட்லரின் நாசி ஆட்சியில் திரும்பக் கட்டத் தொடங்கினார்கள். தங்கள் ஆட்சிக்கு ஒரு கோயில் போல அது வேண்டியிருந்தது. முன்பு எப்படி இருந்தது என்று பார்த்துக் கட்டவில்லை. தெற்கு இத்தாலியில் ஹைன்ரிஹின் வம்சத்துப் பேரரசர்கள் கட்டின கோட்டைகளைப் பார்த்து, எப்படி இருக்க வேணும் என்று விரும்பினார்களோ அப்படிக் கட்டினார்கள். ரிச்சர்ட் அந்த மண்டபத்தைக் கண்டதே இல்லை. அங்கே கண்ணாடிக்குள் இருக்கிற பேரரசர்களின் முடியும் செங்கோலும்கூடப் பிரதிகள், அசல் வியன்னாவில் இருக்கிறது.

பழைய கல்லைக் கண்டுபிடிக்க இன்னொரு அடையாளமும் உண்டு. இந்தப் பக்கத்துக் கோட்டைகளில் பல கற்களின் நடுவில் விரல் நுனி போகிற அளவுக்கு ஒரு குழி இருக்கும். குண்டு பட்ட துளை என்றுதான் நான் முதலில் நினைத்தேன். அப்படித்தானே எனக்கு நினைக்க வரும்! அது இரும்புக் கிடுக்கி கடித்த இடமாம். கல்லின் இரண்டு பக்கமும் குழி தோண்டி, கிடுக்கியின் பல்லை அதில் வைத்து, கயிற்றில் தூக்கி அடுக்கியிருக்கிறார்கள். அதை அறிந்த அன்று அந்தச் சுவருக்கு முன்னால் கனநேரம் நின்றேன். இவ்வளவு காலமும் உடைத்தவர்களைப் பற்றியே யோசித்திருக்கிறேன். கட்டினவனின் வேலை ஒவ்வொரு கல்லிலும் இருக்கிறது. விரலை வைத்தால் உள்ளே போகிறது. சின்னவனின் விரலை அதில் வைத்துப் பார்க்க வேணும்.

யாழ்ப்பாணக் கோட்டையையும் டச்சுக்காரரின் உதவியோடு திருத்தினார்கள் அல்லவா. ஊருக்குப் போனபோது மதிலைச் சுற்றி நடந்தேன். அங்கேயும் பழைய முருகைக்கல் எது, புதுக்கல் எது என்று கண் தானாகப் பிரித்தது. உள்ளே இருந்த தேவாலயம் இடிபாடாகவே கிடந்தது. அதை அப்படியே விட்டுவைக்க வேணும் என்பதுதான் என் எண்ணம். அம்மா அதற்கு உடன்படமாட்டா, நீ வந்து அவவோடு கதை.

சின்னவனுக்கு ஒரு முழுக் கோட்டை வேணும் என்றால் பேர்வார்ட்ஷ்டைன் இருக்கிறது. 1591இல் எரிந்ததைப் பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கடைசியில் திருத்தி, இன்றும் ஆட்கள் இருக்கிற கோட்டை. பாறைக்குள் குடைந்த ஒடுக்கமான கிணறு போன்ற வழியால் ஏணியில் ஏறித்தான் ஆதியில் மேலே போவார்களாம். தண்ணீர்க் கிணறு 104 மீற்றர் ஆழம், எல்லாம் கையால் வெட்டினது. பதினைந்தாம் நூற்றாண்டில் அங்கே இருந்த ஹன்ஸ் ஃபொன் ட்ரோட்டா, வைசன்பூர்க் மடத்தோடு வந்த கோபத்தில் ஆற்றை மறித்து ஊரைக் காயப் போட்டு, பிறகு அணையை உடைத்து வெள்ளத்தில் விட்டான். இன்றும் பிரான்சின் அல்சாஸ் பக்கத்தில் நத்தாருக்குப் பிள்ளைகளை வெருட்டுகிற பூச்சாண்டி அவன்தான்.

மத்தியானம் காட்டுக் குடிசைகளில் ஒன்றில் சாப்பிடலாம். நீ சின்னனில் விரும்பின டம்ப்நூடல், அந்த ஆவியில் வேகிற மாவுருண்டை, அடியில் உப்புப் பொருக்கோடு சுடச்சுடத் தருவார்கள். அம்மா சம்பல் கொண்டு வருவா, தடுக்க முடியாது.

முதல் நாள் அல்ட்டானுக்குப் போவோம். நீ கேள்வி கேட்ட இடம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. இந்த முறை நான் நித்திரை கொண்டுவிட்டு வருவேன்.

ஒரு விசயம். அங்கே மணற்கல் படிகள் நடு தேய்ந்து குழிந்திருக்கும், மழை பெய்தால் வழுக்கும். ரொறன்ரோவில் வாங்குகிற மெல்லிய சப்பாத்து சரிவராது. பிள்ளைகள் இரண்டு பேரின் காலையும் கடதாசியில் வைத்து, பென்சிலை நிமிர்த்திப் பிடித்துச் சுற்றிக் கோடு கீறி, பக்கத்தில் அடிமட்டம் வைத்துப் படம் எடுத்து அனுப்பு. பின்னேரத்தில் கீறு, அப்போதுதான் கால் சரியான அளவில் இருக்கும். நான் இங்கேயே வாங்கி வைக்கிறேன்.

அன்புடன்,
அப்பா