வாலைத் தூக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற வாரம் தங்கள் சிறுவர் பகுதியில் வந்த டைனோசர் படத்தைப் பார்த்தேன். 31 வருடம் அரசுப் பள்ளியில் டிராயிங் மாஸ்டராக இருந்தவன் நான். வண்ணத்தில் குறையில்லை. ஆனால் அந்தப் பிராணி கங்காரு மாதிரி நிமிர்ந்து, வாலைத் தரையில் போட்டுக்கொண்டு நிற்கிறது. அந்த நிலை மாறி ஐம்பது வருடத்துக்கு மேலாகிறது. மாற்றியதில் ஒரு படத்துக்கும் பங்கு உண்டு என்பதால்தான் எழுதுகிறேன்.

அமெரிக்காவில் ராபர்ட் பேக்கர் என்று ஒரு தொல்லுயிர் ஆய்வாளர். சிறுவயதில், லைஃப் பத்திரிகையில் 1953-ல் வந்த டைனோசர் ஓவியத்தில் சொக்கிப்போனவர். யேல் பல்கலைக்கழக அருங்காட்சியகச் சுவரில் ருடால்ஃப் சாலிங்கர் 110 அடி நீளத்துக்குத் தீட்டிய ஓவியத்தின் சிறிய வடிவம் அது. அதில் இருந்தவையெல்லாம் கனத்த, மந்தமான உருவங்கள். பையன் வளர்ந்து அதே யேலுக்குப் படிக்கப் போனார்.

அங்கே பேராசிரியர் ஜான் ஆஸ்ட்ரம், 1964-ல் மொன்டானாவில் கிடைத்த எலும்புகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். டைனோனிகஸ் என்று அந்த டைனோசருக்குப் பெயர் வைத்தார். பின்னங்காலில் அரிவாள் போல ஒரு நகம். வாலில் எலும்புக் கம்பிகள் நெடுக ஓடி அதை விறைப்பாக வைத்திருந்தன. அப்படி விறைத்த வாலை எங்கே இழுத்துக்கொண்டு போவது? முன்பாரத்துக்கு ஈடாகப் பின்னால் நீட்டித்தான் ஆகவேண்டும். 1969-ல் வந்த ஆஸ்ட்ரமின் ஆய்வுக்குப் படம் போட்டவர் பேக்கர். முதுகு படுக்கைக் கோடாக, ஒரு கால் மேலே, முழு ஓட்டத்தில் இருக்கும் அந்தப் பிராணியைப் பார்த்தால் ஆய்வுரை சொல்லவந்தது முக்கால்வாசி புரிந்துவிடும்.

அப்புறம் பேக்கர் ஹார்வர்டில் முனைவர் பட்டம் வாங்கினார். டைனோசர்கள் வெப்பரத்தப் பிராணிகள் என்று ஊரெல்லாம் வாதாடினார். எல்லாரும் ஒப்புக்கொள்ளவில்லை; அவர் விடவும் இல்லை. 1986-ல் தன் படங்களோடு ஒரு புத்தகம், 1995-ல் யூட்டாராப்டர் என்ற வகைப் பெண் டைனோசரின் பார்வையில் ஒரு நாவல், பிறகு ஹூஸ்டன் அருங்காட்சியகத்தில் பொறுப்பு. வரைவதை மட்டும் அவர் பொழுதுபோக்காக ஒதுக்கி வைக்கவே இல்லை.

எங்கள் அரியலூர்ப் பக்கம் வருகிறேன். கல்லமேட்டில் கிடைத்த பெரும் டைனோசர் எலும்புகளுக்கு யாதகிரி, அய்யாசாமி என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1980-களில் பிருகத்காயோசாரஸ் என்று பெயரிட்டார்கள். கணுக்கால் முதல் முழங்கால் வரையுள்ள எலும்பே 2 மீட்டர் என்று பதிவாகியிருக்கிறது. அந்த எலும்புகள் இன்று இல்லை, உதிர்ந்துபோயின. மிஞ்சியவை கோட்டுப்படங்களும் சில புகைப்படங்களும்தான். அது எவ்வளவு பெரியது என்று உலகம் இன்னும் அவற்றை வைத்துத்தான் சண்டை போடுகிறது.

புதைபடிவங்கள் கிடைக்கும் காரை என்ற ஊர்ப் பக்கம் நான் பிள்ளைகளை அழைத்துப்போன காலத்தில் ஒரே விதி: பொறுக்கக் கூடாது, வரையலாம். ஒருமுறை எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன், நத்தை போலச் சுருண்ட அம்மோனைட் கல்லை (அழிந்துபோன கடல்பிராணியின் புதைபடிவம் அது) வரைந்து, அதன்மேல் கோலம் மாதிரி நெளிகிற கோடுகளையும் போட்டிருந்தான். “இதெல்லாம் எங்கேடா இருக்கு?” என்று அதட்டினேன். கல்லைத் திருப்பிக் காட்டினான். இருந்தது. அந்த நெளிவை வைத்துத்தான் நிபுணர்கள் அம்மோனைட்டில் இன்னது என்று இனம் பிரிக்கிறார்கள் என்று பிறகு தெரிந்துகொண்டேன். அத்தனை வருடம் அந்தக் கல்லைப் பார்த்தவன் நான், கண்டவன் அவன்.

வாரணவாசி புதைபடிவ அருங்காட்சியகத்தில் மாதம் ஒரு சனிக்கிழமை நாலு மேசையும் பென்சிலும் போட்டு, பிள்ளைகளை உட்காரவைத்து வரையச் சொல்லலாம். கூப்பிட்டால் நான் வருகிறேன், காசு வேண்டாம், பேருந்து இருக்கிறது.

என் பேத்தி வரைந்த டைனோனிகஸை இணைத்திருக்கிறேன். வால் நேராக இருக்கிறது. நகத்தைத்தான் கொஞ்சம் பெரிதாகப் போட்டுவிட்டாள். திருத்தச் சொன்னேன், மாட்டேன் என்கிறாள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர்,
அரியலூர் மாவட்டம்.