பாசிக்கும் ஓர் இடம் கொடு, மகன்

உவர்மலை,
திருகோணமலை.

அன்பு மகனுக்கு,

நாங்கள் இங்கே நல்ல சுகம். வாடைக்காற்று தொடங்கிவிட்டது, கடல் இரவு முழுக்க இரைகிறது. அப்பாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் குறைவு. நீயும் மருமகளும் சின்னவளும் சுகமாயிருக்க கோணேசரை வேண்டிக்கொள்கிறேன்.

மீன்தொட்டி விஷயத்தைப் போனில் அரைகுறையாகப் பேசி முடித்தோம். அளவு, கணக்கு எல்லாம் இருப்பதால் எழுதினால்தான் சரிவரும். கண்ணாடி முழுக்கப் பச்சை படிகிறது, துடைத்தால் நாலு நாளில் திரும்ப வருகிறது, கடைக்காரர் பாசிக்கு மருந்து ஒரு போத்தல் தந்திருக்கிறார் என்றாய். அந்தப் போத்தலைத் திறக்காதே, ராசா. மருந்து பாசியைக் கொல்லும், உண்மைதான். ஆனால் செத்த பாசி தொட்டிக்குள்ளேயே கிடந்து அழுகும். அழுகும்போது தண்ணீரில் உள்ள ஒட்சிசனை இழுத்துக்கொள்ளும். தான் தின்று சேர்த்ததை எல்லாம் திரும்பத் தண்ணீருக்கே விடும். அதைத் தின்று அடுத்த பாசி வரும், நீ அடுத்த போத்தல் வாங்குவாய். அந்த மருந்துகள் பலவற்றில் செப்பு இருக்கும். சின்னவள் ஆசையாக வாங்கிவிட்ட இறால் அதைத் தாங்காது.

பாசி எதைத் தின்று வளர்கிறது என்று முதலில் பார். மீன் சாப்பிட்டது கழிவாகிறது, செவுள் வழியாக அமோனியா வருகிறது, தின்னாமல் விட்ட தீனி அடியில் அழுகி இன்னும் அமோனியாவைக் கூட்டுகிறது. உன் வடிகட்டியில் இருக்கிற பற்றீரியாக்கள் அமோனியாவை நைத்திரைற்று ஆக்கும், பிறகு நைத்திரேற்று ஆக்கும். அமோனியாவும் நைத்திரைற்றும் மீனைக் கொல்லும், நைத்திரேற்று அவ்வளவு கெடுதல் இல்லை, அந்த அளவில் பற்றீரியாக்கள் பெரிய உதவி. ஆனால் அதோடு அவற்றின் வேலை முடிந்தது. நைத்திரேற்று தொட்டிக்குள்ளேதான் கிடக்கிறது. தீனியில் இருந்து வந்த பொசுபேற்றும் அப்படியே. நீ தண்ணீர் மாற்றும் வரை இரண்டும் நாளுக்கு நாள் கூடும். பாசி இவற்றைத்தான் தின்கிறது. அமோனியா கிடைத்தால் அதை இன்னும் விருப்பமாகத் தின்னும்.

அப்படியென்றால் தண்ணீரைச் சுத்தம் பண்ணுகிற வேலையைத்தான் அது செய்கிறது. உனக்குத் தொந்தரவு, அது கண்ணாடியில் நின்று அதைச் செய்வது. தொட்டிக்கு மேலே தனியாக ஓர் இடம் கொடு, இதைத்தான் பாசி வடிகட்டி என்கிறார்கள். பிடித்துக்கொள்ளச் சொரசொரப்பான வலை, பலமான வெளிச்சம், மேலே வேகமாக ஓடும் தண்ணீர், இவ்வளவும் அங்கே இருந்தால் பாசி அங்கேதான் தடித்து வளரும். கீழே இருக்கிற பாசிக்குச் சாப்பாடு போதாமல் போகும்.

கோணேசர் மலை அடிவாரத்துப் பாறைகள் நினைவிருக்கிறதா? அலை மோதும் பக்கத்தில் குட்டையான பச்சைப் பாசி மெத்தையாகப் பிடித்திருக்கும். படிப்பிக்கிற காலத்தில் உயிரியல் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவேன். அலை வந்து வந்து போகும்போது பாசியின் ஒவ்வொரு இழைக்கும் புதுத் தண்ணீர் கிடைக்கிறது, இழைகள் ஆடுவதால் ஒன்றின் நிழல் மற்றதில் நிலையாக விழுவதில்லை. புறாமலையிலும் பவளப்பாறைகளுக்கு நடுவே இந்தப் பாசிதான். கிளிமீன்கள் பகல் முழுக்க அதைச் சுரண்டித் தின்பதால் அது புதிது புதிதாக முளைத்துக்கொண்டே இருக்கும். அமெரிக்காவில் ஸ்மித்சோனியன் ஆய்வு நிறுவனத்தில் இருந்த வோல்டர் ஏடி என்ற விஞ்ஞானி கரீபியன் கடல் பவளப்பாறைகளில் இதைப் படித்துவிட்டுத்தான் பாசி வடிகட்டியைச் செய்தார். 1980 இல் வாஷிங்டன் இயற்கை வரலாற்று அரும்பொருளகத்தில் ஒரு பவளப்பாறைத் தொட்டியையே அதனால் நடத்திக் காட்டினார். 1982 இல் காப்புரிமை எடுத்தார். அவருடையதில் ஒரு வாளி நிரம்பிக் கவிழும், அந்தத் தண்ணீர் அலையாக வலைமேல் பாயும். உங்கள் அவுஸ்திரேலியாவில் டவுன்ஸ்வில்லில் 1987 இல் திறந்த பெரிய பவளத் தொட்டியிலும் இந்த முறைதான் வைத்தார்கள். வீட்டுக்குக் கவிழும் வாளி தேவையில்லை. பைப்பில் நீளமாக ஒரு வெட்டு வெட்டி, அதிலிருந்து வலைமேல் தண்ணீர் வழிய விட்டால் போதும்.

நம் விறாந்தைத் தொட்டிக்கு நான் அப்படித்தான் செய்து வைத்திருக்கிறேன். உன் தொட்டி 100 லீற்றர் என்றபடியால் அதற்கான அளவைச் சொல்கிறேன்.

வலை 15 சென்ரிமீற்றர் அகலம், 12 சென்ரிமீற்றர் உயரம் இருக்கட்டும், இரண்டு பக்கமும் வெளிச்சம் பட வேண்டும். ஒரு கலன் (gallon) தண்ணீருக்கு ஒரு சதுர அங்குல வலை என்பது பழைய கணக்கு. போடும் தீனியை வைத்து அளவு பார்ப்பதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. நாளுக்கு ஒரு சின்ன உறைதீனிக் கட்டிக்கு 75 சதுர சென்ரிமீற்றர் அளவில் வலை தேவை. நீ போடும் அளவுக்கு நான் சொன்ன வலை தாராளம். சின்னவள் ஒளித்துப் போடும் தீனியையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

வலைக்கு, நூல் கோத்துப் பின்னும் பிளாஸ்டிக் வலை கைவேலைச் சாமான் கடையில் தட்டையாகக் கிடைக்கும். வாங்கியபடியே போடாதே, வழுவழுப்பில் பாசி பிடிக்காது, பிடித்தாலும் கொஞ்சம் தடித்ததும் முழுசாகக் கழன்று விழும். இரும்பு அறுக்கும் வாளின் பிளேட்டை எடுத்து இரண்டு பக்கமும் குறுக்கும் நெடுக்குமாகத் தேய். தடவினால் பலாக்காய்த் தோல் போலக் கையில் குத்த வேண்டும். அதுவரை விடாதே. முழு வேலையிலும் பொறுமை வேண்டியது இங்கேதான்.

பிறகு 20 மில்லிமீற்றர் பி.வி.சி. பைப் ஒரு துண்டு. ஒரு முனையை மூடியால் அடை. நீளவாக்கில் 15 சென்ரிமீற்றருக்கு, 3 மில்லிமீற்றர் அகலத்தில் நேராக வெட்டு. வலையின் மேல் ஓரத்தை அந்த வெட்டுக்குள் கொஞ்சம் நுழைத்து, இரண்டு பக்கமும் கேபிள் டையால் கட்டு. வெட்டு கோணினால் தண்ணீர் ஒரு பக்கமாக ஓடி மற்றப் பக்கம் காய்ந்து கிடக்கும், அதனால் கோடு கீறிவிட்டு வெட்டு. பைப்பைக் கறுப்பு நாடாவால் சுற்று, வெளிச்சம் உள்ளே போனால் வெட்டுக்குள்ளேயே பாசி வளர்ந்து அடைத்துவிடும்.

பம்ப் மணிக்கு 800 லீற்றர் தண்ணீரை வலைமேல் கொட்ட வேண்டும். பெட்டியில் எழுதியிருக்கும் எண் உயரம் இல்லாத கணக்கு, மேலே ஏற ஏறக் குறையும், ஆகவே ஒரு படி பெரிதாக வாங்கு. வலையை ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள் தொங்கவிட்டு, பெட்டியைத் தொட்டிமேல் வை. அடியில் தண்ணீர் திரும்பி இறங்குகிற ஓட்டை பம்ப் குழாயைவிடப் பெரிதாக இருக்கட்டும், இல்லையென்றால் நிரம்பி வீட்டுக்குள் வழியும்.

வெளிச்சத்துக்குச் செடி வளர்க்கும் சிவப்பு எல்.இ.டி., 660 நனோமீற்றர் என்று போட்டிருக்கும், அது நல்லது. இல்லாவிட்டால் மஞ்சள் கலந்த வெள்ளை, 3000 கெல்வின் பல்ப் போதும். பக்கத்துக்கு ஒன்று, வலையில் இருந்து 10 சென்ரிமீற்றர் தூரத்தில். டைமர் வைத்து நாளுக்கு 18 மணித்தியாலம் எரியவிட்டு 6 மணித்தியாலம் அணை. தொட்டி விளக்கு எரியாத இரவு நேரம் முழுக்க இது எரிவது முக்கியம். இரவில் மீனும் செடியும் ஒட்சிசனை எடுத்துக் காபனீரொட்சைட்டை விடும். வலையில் உள்ள பாசி அந்த நேரத்தில் அதற்கு எதிராக வேலை செய்தால் காலையில் மீன் மேலே வந்து வாய் பிளக்காது. இந்த வெளிச்சம் தொட்டிக்குள் விழாமல் மறைத்துவிடு.

தண்ணீருக்குப் பக்கத்தில் கரண்ட் என்பதால் இதை மட்டும் கவனமாகக் கேள். வயர் நேராகப் பிளக்குக்குப் போகக் கூடாது, பிளக்குக்குக் கீழே ஒரு வளைவு தொங்க வேண்டும், வயரில் வழியும் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். ட்ரிப் சுவிட்ச் இல்லாத லைனில் கொழுவாதே. சின்னவள் கை எட்டாத உயரத்தில் பிளக் இருக்கட்டும்.

முதலில் வலையில் மண்ணிறமாக வழுக்கலாகத்தான் பிடிக்கும். பார்த்துவிட்டுச் சரிவரவில்லை என்று கழற்றிவிடாதே. மெல்லக் கழுவிவிட்டு விடு, பச்சை பின்னால் வரும். நன்னீர்த் தொட்டியில் கடல்நீர்த் தொட்டியைவிடச் சுணங்கலாம். கறுப்பாகவே நின்றால் வெளிச்சம் போதாது. மஞ்சளாக ரப்பர் மாதிரித் தடித்தால் வெளிச்சம் கூடிவிட்டது, மணித்தியாலத்தைக் குறை.

பச்சை வந்த பிறகு 7 இலிருந்து 14 நாளுக்குள் ஒருமுறை சுரண்ட வேண்டும். வலையைக் கழற்றிக் குசினித் தொட்டிக்குக் கொண்டுபோ, மீன்தொட்டிமேல் வைத்துச் சுரண்டாதே. கிழிந்த பாசியில் இருந்து சாறு இறங்கித் தண்ணீரை மஞ்சளாக்கும். குழாய்த் தண்ணீரில் அலசி, விரலாலோ பழைய கார்டாலோ மேலே நிற்பதை வழித்தெடு. வேரோடு தேய்த்து வெள்ளையாக்காதே, அடிமட்டம் நின்றால்தான் மறுநாளே வளரத் தொடங்கும். பைப் வெட்டைப் பழைய பற்தூரிகையால் ஒரு இழுப்பு. கையில் பிழிந்து பார், அந்தப் பச்சை உருண்டைக்குள்தான் உன் தண்ணீரில் கிடந்த நைத்திரேற்றும் பொசுபேற்றும் இருக்கின்றன. வெளியே எடுத்த அன்றுதான் தொட்டி சுத்தமாகிறது, வலையிலேயே விட்டால் அடியில் உள்ளது வெளிச்சம் இல்லாமல் செத்துத் திரும்பத் தண்ணீருக்குள் போய்விடும். நான் எடுத்ததைக் கறிவேப்பிலை மரத்தடியில் போடுகிறேன். மரம் எப்படிக் கொழுத்து நிற்கிறது என்று படம் அனுப்பச் சொல்கிறேன் அப்பாவிடம்.

2022 மின்வெட்டுக் காலத்தில் எங்களுக்கு இது பெரிய பாடாக இருந்தது, பம்ப் நின்றால் வலை காய்ந்து பாசி செத்துவிடும். அங்கே உனக்கு அந்தக் கஷ்டம் குறைவு. ஆனாலும் எப்போதாவது நீண்ட நேரம் கரண்ட் நின்றால், வலையைக் கழுவாமல் பம்பைப் போடாதே.

தண்ணீர் மாற்றுவதை முழுதாக விட்டுவிடாதே, குறைத்துக்கொள். உங்கள் குழாய்த் தண்ணீரில் கிருமி கொல்லக் குளோரமைன் போடுகிறார்களா என்று விசாரி. போடுவதென்றால் வாளியில் பிடித்து வைத்தால் போகாது, அதற்கு நீர் சீராக்கும் திரவம் விட வேண்டும்.

நீ வாங்கிய செர்ரி பார்ப் நம் நாட்டு மீன் என்று சின்னவளுக்குச் சொல். உலகத்தில் வேறெங்கும் இயற்கையில் இல்லை, களனி ஆற்றிலிருந்து நில்வளா ஆறு வரை மரநிழல் விழும் ஓடைகளில்தான். 1929 இல் நம் நாட்டு விலங்கியல் அறிஞர் தெரணியகல அதற்கு விஞ்ஞானப் பெயர் வைத்தார். நிழல் ஓடை மீன் என்றபடியால் தொட்டியில் ஒரு பக்கம் செடி அடர்த்தியாக இருக்கட்டும், தொட்டி விளக்கு 8 மணித்தியாலத்துக்கு மேல் வேண்டாம். அதுவும் கண்ணாடிப் பாசியைக் குறைக்கும்.

தொட்டிக்கு மேலே எவ்வளவு இடம் இருக்கிறது என்று அளந்து அனுப்பு. பைப்பில் வெட்டுப் போட அங்கே வசதி இல்லையென்றால் நானே வெட்டி, வலையும் தேய்த்துத் தருகிறேன், சின்ன மாமா தை மாதம் அங்கே வரும்போது கொண்டுவருவார். போத்தலைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிடு.

அன்புடன்,
அம்மா