கராக் மேடும் உன் மைவியும்

பீடோர்

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய படத்தைப் பார்த்தேன். 180 வெள்ளிக்கு எலக்ட்ரிக் சூப்பர்சார்ஜர், எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் என்று சொல்லி விற்கும் சின்ன விசிறி. வாங்காதே மா. கராக் நெடுஞ்சாலையில் கோம்பாக் தாண்டி கெந்திங் செம்பா ஏறும்போது உன் காடி லோரிக்குப் பின்னால் திணறுவது உண்மைதான். ஆனால் அதற்கு மருந்து அந்த விசிறியில் இல்லை.

கணக்குப் போட்டுப் பார். உன் பெரோடுவா மைவி 2011 மாடல், 1,495 சிசி. நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் தன் கொள்ளளவுக்குக் காற்றை இழுக்கும். நிமிடத்துக்கு 6,000 சுற்று ஓடும்போது அது நிமிடத்துக்கு ஏறக்குறைய 4,500 லிட்டர். அவ்வளவு காற்றையும் 5 பிஎஸ்ஐ (அழுத்த அளவு) கூடுதலாக அழுத்தித் தள்ள நான்கைந்து கிலோவாட் வேண்டும். 12 வோல்ட்டில் அது 400 ஆம்பியர் அளவுக்கு வரும். இந்த அளவுக் காடியின் ஆல்டர்னேட்டர் நூறைக்கூடத் தொடாது. அந்தச் சாமானோடு வரும் ஒயரில் 10 ஆம்பியர் ஃபியூஸ் இருப்பது படத்திலேயே தெரிகிறது. அதாவது 120 வாட், வேண்டியதில் நாற்பதில் ஒரு பங்கு. 1 பிஎஸ்ஐ என்றால் தண்ணீரை 70 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தூக்கி நிறுத்தும் அழுத்தம். இந்த மாதிரி விசிறி காற்றை நகர்த்தும், அழுத்தாது.

பயன் இல்லை என்பதோடு போனால்கூடப் பரவாயில்லை. நீ எண்ணெய் மிதியை (ஆக்சிலரேட்டரை) முழுக்க மிதிக்கும்போது விசிறி தள்ளுவதைவிட எஞ்சின் இழுப்பது பல மடங்கு அதிகம். அப்போது அந்த இறக்கைகளே காற்றுக்குத் தடை. அதைப் பொருத்துவதும் ஏர் ஃபில்டருக்கு அப்பால். போனெட் சூட்டில் பிளாஸ்டிக் வெடித்தால், உடைந்த துண்டு நேரே திராட்டலுக்குள், அதாவது எஞ்சினுக்குக் காற்று விடும் வால்வுக்குள் போகும். தடுக்க அங்கே ஒன்றும் இல்லை.

மின்சாரத்தில் ஓடும் நிஜமான கம்ப்ரசர் உலகத்தில் இருக்கிறது. 2016இல் ஆவ்டி எஸ்க்யூ7 டீசலில் வந்தது. அதற்குத் தனியாக 48 வோல்ட் அமைப்பு, 7 கிலோவாட் மோட்டார். கால் நொடியில் 70,000 சுற்றைத் தொடும். அதுவும் புகைக்காற்றில் சுழலும் டர்போ வேகம் பிடிக்கும்வரை சில நொடி கைகொடுக்கத்தான். அதன் பெயரை இந்த விசிறிக்கு ஒட்டி விற்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

ஏற்கெனவே வாங்கிய தோழி யாராவது "நல்லா இழுக்குது" என்று சொன்னால், திராட்டலுக்குப் பின்னால் உள்ள வேக்குவம் குழாயில் ஒரு பூஸ்ட் கேஜை (கூடுதல் காற்றழுத்தம் காட்டும் முள்மானியை) இணைத்து ஓட்டிப் பார்க்கச் சொல். பக்கத்தில் இருப்பவர் முள்ளைப் பார்க்கட்டும், ஓட்டுபவர் வேண்டாம். முழுக்க மிதிக்கும்போது முள் பூஜ்யத்தைத் தாண்டினால்தான் பூஸ்ட். சத்தம் கூடுவது கணக்கில் சேராது.

இனி உன் மேட்டுக்கு வருவோம். உன் எஞ்சினின் உச்ச பவர் 6,000 சுற்றில் 104 குதிரைத்திறன், உச்ச டார்க் (திருப்பும் விசை) 4,400 சுற்றில் 136 நியூட்டன் மீட்டர். நான்காவது கியரில் 2,500 சுற்றில் ஏறும்போது அந்த முழு டார்க்கும் கிடைத்தாலும் 48 குதிரைத்திறன்தான். 4,400க்கு ஏற்றினால் 85. இந்த 37 குதிரையைக் காசு கொடுக்காமலே வாங்கலாம். ஏற்றம் தொடங்கும் முன்பே கியர் நான்குக்குப் போகாமல் கீழே இறக்கி வை. வேகம் விழுந்த பிறகு இறக்கினால் பாதி பயன்தான். எஞ்சின் கத்துகிறதே என்று பயப்படாதே. சிவப்புச் சூட்டு விளக்கும் எண்ணெய் விளக்கும் எரியாதவரை 4,500 சுற்று அதற்கு ஒரு கஷ்டமும் இல்லை. மிகச் செங்குத்தான இடத்தில் ஏர்கோனை இரண்டு நிமிடம் அணைத்தால் இன்னும் கொஞ்சம் கிடைக்கும்.

அப்படி ஓட்டியும் திணறினால் பவர் எங்கோ தொலைகிறது. முதலில் எஞ்சினை அணைத்துவிட்டு ஒருவரை எண்ணெய் மிதியை அடிவரை மிதிக்கச் சொல். கால்மிதி விரிப்பு தடுக்கிறதா என்று பார். அடுத்து பிரேக். மெந்தகாப் டவுனில் கொஞ்சம் ஓட்டிவிட்டு நிறுத்தி, நான்கு ரிம்மின் அருகிலும் கை வைத்துப் பார். ஒன்று மட்டும் கொதித்தால் அங்கே பிரேக் இறுகிக் கிடக்கிறது. முன் சக்கரம் என்றால், பிரேக் தட்டைப் பிடிக்கும் காலிபரின் முளையை (பின்) கழற்றிச் சுத்தம் செய்து சிலிக்கோன் பிரேக் கிரீஸ் போடச் சொல். சாதாரண கிரீஸ் போட்டால் ரப்பர் ஊதிப்போய் மறுபடி இறுகும். டயர் காற்று டிரைவர் கதவருகே ஒட்டிய அளவில் இருக்கட்டும்.

பிறகு ஏர் ஃபில்டரும் ஸ்பார்க் பிளக்கும். பிளக்கைக் குளிர்ந்த எஞ்சினில்தான் கழற்ற வேண்டும். எஞ்சின் ஹெட் அலுமினியம், சூட்டில் திருகினால் மரை போய்விடும். புதியதைக் கையாலேயே முழுக்கத் திருகி உட்கார வைத்த பிறகுதான் டார்க் ஸ்பேனர். திராட்டல் பாடியைக் கழுவினால் ஐட்லிங் சீராகும். பவர் ஏறும் என்று யார் சொன்னாலும் நம்பாதே. கூம்பு மாதிரித் திறந்த ஃபில்டரும் வேண்டாம். வெளியே 33 டிகிரிக் காற்று இருக்க, அது போனெட்டுக்குள் 60 டிகிரிக் காற்றைக் குடிக்கும். அடர்த்தி 8 சதவீதம் குறையும், பவரும் அதோடு போகும்.

நிஜமாகவே டர்போ ஆசை என்றால் ஒரு வழி உண்டு. டைஹாட்சு ஒய்ஆர்வி டர்போ காடியில் வந்த கே3-விஇடி எஞ்சின், 1.3 லிட்டர், 140 குதிரைத்திறன். பாதியாக வெட்டிய பழைய காடிகளை விற்கும் ஹாஃப் கட் கடைகளில் அதை எடுத்து மைவியில் இறக்குகிறார்கள். பூஸ்டுக்கென்றே கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் காற்றை நசுக்கும் அளவு) குறைத்துச் செய்த எஞ்சின் அது. உன்னுடையது அப்படி இல்லை. பூஸ்ட் ஏற்றி ரோன்95 பெட்ரோல் ஊற்றினால் எஞ்சின் உள்ளே தட்டும், பிஸ்டன் போகும். எஞ்சின் மாற்றினால் ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) அனுமதி வேண்டும், இன்சூரன்சிலும் ஏற்ற வேண்டும். தினம் வேலைக்குப் போகிற காடிக்கு இது எதற்கு என்பது என் கருத்து.

தீபாவளிக்கு வரும்போது கம்ப்ரஷன் கேஜ் எடுத்து வைக்கிறேன். நான்கு சிலிண்டரும் ஒன்றுக்கொன்று 10 சதவீதத்துக்குள் இருந்தால் எஞ்சினைப் பற்றிக் கவலையே வேண்டாம். அதற்குள் பிளக் மாற்றிவிட்டால் பழையதைத் தூக்கிப் போடாதே. எது எந்த சிலிண்டரில் இருந்தது என்று எழுதி ஒட்டி, நான்கையும் கொண்டு வா.

அப்பா