யூரியேஸ் வினையில் தண்ணீரைக் காணோம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த நொதிகள் பற்றிய கட்டுரையை இரண்டு முறை படித்தேன். நல்ல எளிய நடை. ஆனால் 'யூரியேஸ் யூரியாவை அமோனியாவாகவும் கரியமில வாயுவாகவும் உடைக்கிறது' என்ற வரியில் தண்ணீரே இல்லை. பல வருடம் வேதியியல் சொல்லிக்கொடுத்தவள் நான். அதை அப்படியே விட்டுவிட மனம் வரவில்லை.

யூரியேஸ் என்ற நொதி ஒரு ஹைட்ரோலேஸ். தண்ணீரைச் சேர்த்துப் பிளப்பதால்தான் அந்த இனத்துக்கே அந்தப் பெயர். எண்ணிப் பாருங்கள்: யூரியாவில் ஆக்சிஜன் அணு ஒன்றுதான், கரியமில வாயுவிலோ இரண்டு. யூரியாவில் ஹைட்ரஜன் நான்கு, இரண்டு அமோனியாவில் ஆறு. குறைகிற ஓர் ஆக்சிஜனும் இரண்டு ஹைட்ரஜனும் ஒரு தண்ணீர் மூலக்கூறேதான். இதைக் கரும்பலகையில் போட்டுக் காட்டியதும் பிள்ளைகள் முகம் மலர்வதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

அப்புறம் சோதனை. சோயாவில் யூரியேஸ் உண்டு, அதனால் சோயா மாவை நீரில் ஊறவைத்து வடிகட்டுவோம். பீனால் ரெட் (காரம் சேர்ந்தால் நிறம் மாறும் சாயம்) கலந்த யூரியா கரைசல் மஞ்சளாக இருக்கும். அதில் வடிநீரைச் சில சொட்டு விட்டால், சற்று நேரத்தில் இளஞ்சிவப்பு பரவும். அமோனியா வந்துவிட்டது என்று அர்த்தம். நன்றாகக் கொதிக்கவைத்த வடிநீரை விட்டால் மஞ்சள் மஞ்சளாகவே நிற்கும், சூட்டில் நொதி கெட்டுவிடுவதால்.

நொதி இல்லாவிட்டால், 38 டிகிரி செல்சியஸிலும் நீரில் கரைந்த யூரியா பாதியாகக் குறைய ஏறக்குறைய 3.6 வருடம் ஆகும். பக்கத்திலேயே அத்தனை தண்ணீர் இருந்தும் வினை நகராது. யூரியேஸுக்குள் இருக்கும் இரண்டு நிக்கல் அயனிகள் தண்ணீரைப் பிடித்து, யூரியாவின் கார்பனைத் தாக்கும்படி தயார்செய்கின்றன. ஒரு அமோனியா கழன்றுவிடும். மிஞ்சும் துண்டான கார்பமேட் தானாகவே சிதைந்து அடுத்ததையும் தந்துவிடும், அதற்கு நொதி தேவையில்லை.

அமெரிக்க வேதியியலாளர் ஜேம்ஸ் சம்னர் 1926-ல் ஜாக் பீன் என்ற அவரை வகையின் விதையிலிருந்து இந்த நொதியைப் படிகமாக்கினார். முதன்முதலில் படிகமான நொதி இதுதான். நொதி ஒரு புரதம் என்று அவர் சொன்னதைப் பெரிய பெரிய வேதியியலாளர்களே ஏற்கவில்லை. 1946-ல் நோபல் பரிசு வந்தது. அதே நொதியில் நிக்கல் இருப்பது தெரிய 1975 ஆகிவிட்டது.

தயவுசெய்து அடுத்த இதழில் சமன்பாட்டை முழுசாகப் போடுங்கள்: ஒரு யூரியாவும் ஒரு தண்ணீரும் சேர்ந்து இரண்டு அமோனியா, ஒரு கரியமில வாயு.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியை